பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

சென்ற தவணையில் என் வகுப்பு மாணவர்க்கு ஒரு கட்டுரைப் பொருள் கொடுத்தேன். ‘எங்கள் குடும்பம் இம்மண்ணுக்கு வந்த கதை’ என்பது தலைப்பு. கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இதனினும் இலகுவான பொருள் வேறில்லை என்று எண்ணினேன். குளத்தை நம்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அன்றோ அவர்கள்!

மற்றையோர் பக்கம் பக்கமாக எழுதித் தந்தனர். ஒரு மாணவி மட்டும் வெறுந்தாளுடன் வந்து நின்றாள். “சேர், எங்களுக்குக் காணி இல்லை. காணி இல்லாதவைக்கும் கதை இருக்குமோ?” என்று கேட்டாள்.

அவளுக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. என் வீட்டுக் கதையே கண்முன் வந்து நின்றது.

இரணைமடுக் குளவேலை 1902 இல் ஆரம்பித்து 1921 இல் நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்து நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. வடமராட்சியிலிருந்து வந்த என் அப்பப்பாவிடம் ஒரு கடகம் ஒடியல் மாவும் ஒரு மண்வெட்டியுமே இருந்தனவாம். பகலிற் காடு வெட்டினார். இரவில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சித் தீ மூட்டிக் காவலிருந்தார். நுளம்பு கொணர்ந்த காய்ச்சலுக்குக் கொயினாவே துணை. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் அறிவிக்கப்பட்டபோது, அந்நாளைய துன்பத்தை அறிந்தோர் எம் வீட்டில் எவரும் உயிரோடில்லை.

காடு கழனியாயிற்று. காணிக்குரிய அனுமதிப் பத்திரத்தை என் தந்தையார் றங்குப் பெட்டியில் வைத்துப் பேணினார். 2009 இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அப்பெட்டி தொலைந்தது. வீடு இழந்ததற்குக் கலங்காதவர், அத்தாளுக்காகக் கண்ணீர் விட்டார். பின்னர் பெற்ற பிரதியை அன்றுதான் நான் முதன்முதலாக ஊன்றிப் படித்தேன். அதில் இருந்தது ஒரே பெயர், அப்பப்பாவின் பெயர்.

அப்பாச்சியின் பெயர் எங்கே? தலைச்சன் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தும், “பிள்ளை கிடக்கிற மண்ணை விட்டு நான் வரமாட்டன்” என்று ஊர் திரும்ப மறுத்தவர் அவர். அவர் அன்று திரும்பியிருப்பின் எங்களுக்கு இம்மண்ணில் வேர் ஏது? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ ஆண்மக்களையே முன்நிறுத்தி நெடுங்காலம் நடந்தது. அக்குறை 2022 இலேயே திருத்தப்பட்டது.

இன்னொரு பெயரும் அங்கில்லை. 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஒரு குடும்பம் எங்கள் மேட்டுக்காணிக் கொட்டிலில் வாழ்ந்தது. விதைப்புத் தொடக்கம் சூடடிப்பு வரை எங்கள் வயலில் உழைத்தவர்கள் அவர்கள். சிறுவனாகிய நான் அவர்கள் சுமந்து வந்த நெல்லை உண்டு வளர்ந்தேன். ஆயினும் ‘தோட்டக்காட்டார்’ என்னும் இழிசொல்லன்றி வேறு பெயரால் அவர்களை அழைத்ததில்லை. நினைக்க இன்று நாணுகின்றேன்.

மறுநாள் அம்மாணவியை அழைத்தேன். “பிள்ளை, காணி உள்ளவனுக்குப் பத்திரம் இருக்கும், கதை உழைத்தவர் எல்லோருக்கும் உண்டு. வீட்டிற் கேட்டு எழுது” என்றேன். ஒரு வாரத்தின் பின் நான்கு பக்கம் கொண்டுவந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கைக்குழந்தையுடன் தன் பாட்டி வன்னிக்கு வந்ததும், பிறர் வயலில் நாற்பது ஆண்டுகள் களை பிடுங்கியதும் அதில் இருந்தன. வகுப்பில் அவளே அதனை வாசித்தாள். பின்வாங்கில் இருந்த குறும்பர்கள்கூடச் சத்தமின்றிக் கேட்டனர்.

அன்று மாலை, எண்பதைக் கடந்த என் தந்தையாரிடம் அக்கொட்டிலில் இருந்தவரின் பெயரைக் கேட்டேன். தயக்கமின்றிச் சொன்னார், மனைவி, மக்கள் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். “இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை, ஐயா?” என்றேன்.

“நீ கேட்கவில்லையே, தம்பி” என்றார்.

பத்திரப் பிரதியுடன் இப்பொழுது ஒரு தாளும் இருக்கின்றது. அதில் அப்பாச்சியின் பெயரும் அக்குடும்பத்தார் பெயர்களும் என் கையால் எழுதப்பட்டுள்ளன. சட்டத்தின்முன் அத்தாளுக்கு மதிப்பில்லை. என் பிள்ளைகள் அதனையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பின், மாணவச் செல்வங்களே, இன்றே கேளுங்கள்.