கட்டில் வேன்



வயதான தாயையோ நோயாளியான மாமியையோ வேனில் ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போயிருப்பீர்கள். தலையணை எடுத்தோமா, சுடுதண்ணீர்ப் போத்தல் எடுத்தோமா, மாத்திரைகள் இருக்கின்றனவா என்று பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள். அவர் உட்காரப்போகும் சீட் எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று எப்போதாவது குனிந்து பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. அதற்கு என் உம்மா கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வேன் இருந்தால் இது பயன்படும்.

எங்கள் ஊர் பதுளை. என் கணவருக்குச் சிறிய பலசரக்குக் கடை. நம்மூரில் 'டொல்ஃபின்' என்று சொல்வார்களே, அந்தப் பழைய டொயோட்டா ஹையேஸ் வேன் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பசறை, நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு அதில்தான் சாமான் போகும். அரிசி மூட்டை அடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின் சீட்களையெல்லாம் கழற்றிவிட்டு, தரை முழுவதும் பலகை விரித்து, மேலே ரப்பர் விரிப்பும் போட்டிருந்தார். புது வேன் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் பழைய வேன்களின் விலையே நம் கைக்கு எட்டாமல் போனது உங்களுக்கும் தெரியும். இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதுதான் எங்களைப் போன்றவர்களின் வழி.

2023இல் உம்மாவுக்கு இடது மார்பில் கட்டி என்று கண்டார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்தது. அதன்பின் மூன்று கிழமைக்கு ஒரு தடவை மருந்தேற்றப் போகவேண்டும். பதுளையிலிருந்து மகரகமவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பண்டாரவளை ஏறி, 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஹப்புத்தளையைக் கடந்து, பெரகலையில் ஏ-4 பாதையில் சேர்ந்தால், ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று மகரகம வரைக்கும் அதே பாதைதான். பாதி தூரம் வளைவும் இறக்கமும். உம்மாவுக்கு ஏற்கெனவே முதுகெலும்பில் வலி. ஒரு மணி நேரத்துக்குமேல் நிமிர்ந்து உட்கார முடியாது. ரயிலிலும் ஒரு தடவை கூட்டிப்போனோம். பத்து மணி நேரப் பயணத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்து, "இனி வேண்டாம்" என்று நானே சொல்லிவிட்டேன்.

"வேனுக்குள் ஒரு கட்டில் போட்டால் என்ன?" என்று கேட்டதும் நான்தான்.

தெரிந்த தச்சர் ஒருவர் இரண்டே நாளில் செய்து தந்தார். பகலில் சாய்வு பெஞ்ச் போல இருக்கும். முதுகுப் பலகையை மடித்து இறக்கினால் படுக்கை. மேலே மெத்தென்று ஸ்பொஞ்ச். உம்மா படுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக் கட்டிலைவிட இது சுகமா இருக்கு மகள்" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மூன்றாவது பயணம். விடியப்புறம் ஹல்துமுல்லை இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். உம்மா படுத்திருந்தார். நான் தலைமாட்டில் இருந்தேன். ஒரு வளைவில், எதிரே வந்த லொறியை முந்திக்கொண்டு ஒரு கார் எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது. கட்டில் நிற்கவில்லை! உம்மாவோடு சேர்ந்து அப்படியே முன்னுக்குப் போய் சாரதியின் சீட்டில் மோதியது. உம்மாவின் வலது மணிக்கட்டில் எலும்பு வெடித்தது. நெற்றியில் கோழிமுட்டை அளவு வீக்கம்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மருமகனை ஏசாதே" என்றுதான் அந்த வேளையிலும் உம்மா சொன்னார். மருந்தேற்ற வந்த நோயாளி கையில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். அந்தக் கட்டிலைக் கேட்டவள் நானல்லவா? பல இரவுகள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் மகள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். அவளிடம், "நாங்கள் வேகமாகவே போகவில்லையே, முப்பதுக்குமேல் முள் ஏறவில்லையே!" என்று புலம்பினேன். அவள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒன்றில் மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமாம். நம் வீட்டுக் கூரையிலிருந்து விழுவதுபோல! 50 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர், அதாவது மூன்றாம் மாடி. வேன் நின்றாலும் உள்ளே இருப்பவரின் வேகம் நிற்பதில்லை. எதுவோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். அன்றைக்கு உம்மாவைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை வேனை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த வெல்டிங் பாஸ் வயதானவர். கட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் விரிப்பைச் சுருட்டினார். "இங்கே வந்து பாருங்கள் தங்கச்சி" என்று என்னைக் கூப்பிட்டார். தச்சர் கட்டிலை வேனோடு பூட்டவே இல்லை. அரிசி மூட்டைக்காக விரித்திருந்தோமே, அந்தப் பலகையோடு சிறு ஆணிகளால் பூட்டியிருந்தார்! ஆணிகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. பலகையையும் தூக்கியபோது, அதற்கடியில் கம்பனி சீட் பூட்ட வைத்திருந்த பழைய துளைகள் அப்படியே இருந்தன. அவற்றை நாங்களே மூடி வைத்திருந்தோம்.

தச்சரை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் கட்டில் செய்யத் தெரிந்தவரிடம் வேன் சீட்டைக் கேட்டது நாங்கள்தானே. வீட்டுக் கட்டில் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். வேன் சீட் பாரத்தையும் தாங்கவேண்டும், ஓட்டத்தையும் தாங்கவேண்டும்.

பிறகு பாஸ் சொன்னபடி செய்தோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய, படுக்கையாக விரியும் சீட் ஒன்றை என் நானா தேடி வாங்கி அனுப்பினார். அடிச் சட்டகம் முழு இரும்பு. உட்காரும் பாகத்தை முன்னுக்கு இழுத்தால், முதுகுப் பாகம் தானாகச் சரிந்து மட்டமாகும். அதன் பின்னால் ஒரு சிறு பலகைத் தட்டு. மூன்றும் சேர்ந்தால் ஆள் நீட்டிப் படுக்கலாம். இது புதுச் சங்கதியும் அல்ல. ஜெர்மனியில் 1950இல் வந்த ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு, மறு வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பனி படுக்கைச் சாமான்கள் செய்து கொடுக்கத் தொடங்கியது. இப்படி இழுத்து விரிக்கும் சீட்டுக்கு இங்கிலாந்தில் 'ரொக் அண்ட் ரோல்' கட்டில் என்று பெயராம். உம்மா அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

பூட்டிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் செய்விக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க உதவும்.

முதலில் தரையின் துருவைச் சுரண்டிப் பார்த்தார். ஊவாவின் மழையிலும் பனியிலும் பழைய வேன்களின் தரைத் தகடு அடியிலிருந்து அரிக்கும். துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்டார். கம்பனித் துளை இருந்த இடங்களில் அவற்றையே பயன்படுத்தினார். புதிதாகத் துளைக்கவேண்டிய இடத்தில், வேனுக்கடியில் படுத்து, டீசல் டாங்கியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்து அடையாளமிட்ட பிறகுதான் துளைக்கும் மெஷினையே கையில் எடுத்தார்.

தரைத் தகடு மெல்லியது. போல்ட்டை மட்டும் போட்டு முடுக்கினால், இழுவை வரும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைக்கடியில் உள்ளங்கை அகலத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்பான இரும்புத் தகடு வைத்தார். இழுவை அந்தத் தகடு முழுவதிலும் பரவும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். அது உறுதியான இரும்பு என்பதற்கு அடையாளம். "சீட்டை அப்படியே தரையில் ஒட்டி வெல்டிங் அடித்தால் என்ன பாஸ்?" என்று என் கணவர் கேட்டார். "மெல்லிய தகட்டில் அடித்தால் பெயின்ட் எரியும். எரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும்" என்றார்.

பெல்ட்டைப் பழையதாக வாங்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். விபத்தில் ஒரு தடவை இழுபட்ட பெல்ட் மறு தடவை தாங்காது, பார்த்தாலும் தெரியாது. புதிய பெல்ட்டே போட்டோம். உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை செய்தது இடது பக்கம். அதனால் வலது தோளின் மேலாக பெல்ட் வரும்படி இடத்தைத் தேர்ந்தோம். இதை நான்தான் சொன்னேன். ஆண்களுக்கு அது நினைவில் வரவில்லை!

ஸ்பொஞ்ச்சையும் மாற்றினோம். மெத்தென்றிருந்தால் முதுகு குழியில் விழும், எழும்புவதும் கஷ்டம். கெட்டியான ஸ்பொஞ்ச், மேலே துடைக்க இலகுவான ரெக்சின், அதன்மேல் கழுவக்கூடிய பருத்தி விரிப்பு. எல்லாம் முடிந்ததும், "நான் ஒற்றை ஆளாக விரித்து மடக்கிக் காட்டவேண்டும், அப்போதுதான் காசு கொடுப்போம்" என்றேன். கொக்கி இறுக்கமாக இருந்தது. மறுபடியும் ராவி எண்ணெய் போட்டுத் தந்தார்.

வேனை எடுக்கும்போது பாஸ் ஒரு நிபந்தனை போட்டார். "வேன் ஓடும்போது இதில் யாரும் படுக்கக் கூடாது."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. படுக்கத்தானே இவ்வளவு செலவு! அவர் பொறுமையாகச் சொன்னார்: "படுத்தால் பெல்ட் எங்கே பிடிக்கும்? கொஞ்சம் சாய்ந்து உட்காரலாம். அதிகம் சாய்ந்தால் இடுப்புப் பெல்ட் வயிற்றுக்கு ஏறும், அதுவும் ஆபத்து. வேனை நிறுத்திவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்."

அதிலிருந்து எங்கள் பயணம் மாறியது. முன்பு எங்கும் நிற்காமல் ஓடி ஏழு மணி நேரத்தில் போவோம். பிறகு விடியப்புறம் இரண்டு மணிக்கே புறப்பட்டு, பண்டாரவளை, பெலிஹுல்ஓயா, பெல்மதுளை, அவிசாவளை என்று ஒரு மணி, ஒன்றேகால் மணிக்கொரு தடவை பாதையை விட்டு ஒதுக்கி நிறுத்துவோம். நான் சீட்டை விரிப்பேன். திரையை இழுத்துவிடுவேன். உம்மா கால் மணி நேரம் நீட்டிப் படுப்பார். அவருக்குத் தேவைப்பட்டது ஓடும் கட்டில் அல்ல. நின்று ஆறும் நேரம்தான். அது எனக்கு முதலே புரிந்திருந்தால் அவர் கை முறிந்திராது.

வேனுக்கு ஊரிலே 'கட்டில் வேன்' என்று பெயர் வந்துவிட்டது. கிளினிக் போகும் தோட்டத்து ஆட்களும் தேடி வந்தார்கள். ஒருநாள் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞன் மூச்சிரைக்க வந்தான். "அம்மா கொழுந்து மலையில விழுந்துட்டாங்க. இடுப்ப அசைக்க முடியல. கட்டில் வேன அனுப்புங்க ஐயா!" என்றான். என் கணவர் சாவியை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். "எங்களுடையது அம்புலன்ஸ் இல்லை தம்பி. அம்மாவை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்று கடையிலிருந்தே 1990க்கு எடுத்தோம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் வந்த இலவச சுவசரிய சேவை அது. அதிலே நோயாளியைப் பட்டிகளால் கட்டிப் பிடிக்கும் தள்ளுகட்டில் உண்டு. பயிற்சி பெற்றவர்களும் உண்டு. இளைஞன் முகம் வாடித்தான் போனான். 'முஸ்லிம் கடைக்காரங்க வேன் தரமாட்டேன்னுட்டாங்க' என்று லயத்தில் பேசியும் இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவே ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் என் கையில் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, அம்புலன்ஸ் அவசரத்துக்கு, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு. மாதாமாதம் கிளினிக் போக நம் வேன்தான். ஆகவே அதைச் சரியாக வைத்திருப்பது நம் பொறுப்பு. சீட்டின் எண்ணிக்கை வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். மாற்றுவதற்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்புறுதிப் பணத்துக்கு அலைய நேரும்.

இறைவன் அருளால் உம்மாவின் சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டப் போகிறார். மணிக்கட்டு மட்டும் குளிர் நாட்களில் நோகும். ஏறி உட்கார்ந்ததும் தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ஒட்டகத்தைக் கட்டியாச்சு, இனித் தவக்குல்" என்பார்.

அடுத்த பயணத்துக்கு முன் நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். வேனின் விரிப்பைத் தூக்குங்கள். சீட்டின் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், அன்றைக்குப் பயணம் வேண்டாம்.