எண்ணிப் பார்த்தேன்



எங்கள் வீட்டில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நம் புதுச்சேரியில் அவர்களை 'சொல்தா' என்பார்கள் அல்லவா? பென்ஷனோடு ஊர் திரும்பியபோது பிரான்சிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டி அது. தாத்தா இப்போது இல்லை. ஆயாதான் தினமும் காலையில் அதில் சுப்ரபாதம் போடுவார். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-ல் வெளிவந்த இசைத்தட்டு.

போன மாதம் ஒருநாள் ஆயா, "தம்பி, பாட்டு இறங்கிப் போச்சுடா. அரைக்கட்டை கீழ கேக்குது" என்றார். சின்ன வயதில் ஆர்மோனியம் கற்றவர். நானோ, "உனக்குத்தான் ஆயா காது மந்தமாயிடுச்சு" என்று சிரித்தேன். அப்பாவும் காது டாக்டரிடம் காட்டலாம் என்றார். ஆயா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து இசைத்தட்டு போடுவதையே விட்டுவிட்டார். காலையில் வீடே ஊமையானது போல இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும். அப்படியென்றால் 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று. ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பாட்டு ஓடும்போதே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 100 சுற்றுக்கு 3 நிமிடம் 11 விநாடி ஆனது! அதாவது நிமிடத்துக்கு சுமார் 31.4 சுற்றுதான். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கும். ஆயா சொன்னது அப்படியே சரி! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மோட்டாரின் சின்னப் புல்லியையும் தட்டையும் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட் இணைக்கிறது. அது தளர்ந்து வழவழவென்று இருந்தது. முதலில் ரப்பர் பேண்டை மாட்டினேன். பாட்டு ஊஞ்சல் ஆடியது! ரப்பர் பேண்ட் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காதே.

பிறகு புல்லியையும் பெல்ட் உட்காரும் விளிம்பையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நடுத்தண்டு இறங்கும் குழியில் காய்ந்திருந்த பிசுக்கை எடுத்து, 2 சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். பெல்ட்டில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, வழுக்கிவிடும். இப்போது 3 நிமிடம் 4 விநாடி. மிச்சம் பெல்ட்டின் குற்றம்! அதை நூலால் அளந்து, கொஞ்சம் சின்னதாக ஒன்றை காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடிப்பிடித்து வாங்கினேன். மாட்டி எண்ணினால் சரியாக 3 நிமிடம்!

இன்னொரு சோதனையும் செய்தேன். கோணமானி வைத்து, வட்ட அட்டையில் 2 பாகைக்கு ஒன்றாக 180 கோடுகள் வரைந்து தட்டின் மேல் வைத்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். வேகம் சரியாக இருந்தால் நொடிக்கு 100 கோடுகள் கடக்கும், அதனால் கோடுகள் நிற்பது போலத் தெரியும். நின்றன! (எல்.இ.டி. விளக்கில் பல சமயம் இது தெரியாது.) இந்த மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. பிரான்சிலும் 50 ஹெர்ட்ஸ்தான். 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் இங்கே மெதுவாகத்தான் ஓடியிருக்கும்.

மறுநாள் விடியற்காலை நானே சுப்ரபாதம் போட்டேன். ஆயா ஆர்மோனியத்தை இழுத்து ஒரு கட்டையை அமுக்கினார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. "இப்ப சரியா இருக்குடா" என்று சொல்லிவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்தார். "மன்னிச்சிடு ஆயா" என்றேன். பாட்டை நிறுத்தாமல் என் தலையைத் தடவினார்.

நண்பர்களே, வீட்டில் பெரியவர்கள் ஏதோ சரியில்லை என்று சொன்னால் உடனே சிரித்துவிடாதீர்கள். முதலில் எண்ணிப் பாருங்கள்!

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்