இருபத்து நான்கு நிமிடம்

டிசம்பர் 31 இரவு புதுச்சேரிக் கடற்கரைச் சாலை எங்களுடையது அல்ல. வெளியூர்க் கூட்டமும் மதுவும் காவல்துறைத் தடுப்புகளும் நிறைந்த அந்த இரவில், முத்தியால்பேட்டைப் பெண்கள் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் இருப்போம். அப்படி இருந்த ஓர் இரவில்தான் 2025ஆம் ஆண்டு நாட்குறிப்பின் முதல் பக்கத்தில், 'இந்த வருடம் பன்னிரண்டு அனிமே தொடர்கள்' என்று எழுதினேன். பட்டியல் மகள் தந்தது.

வருடக் கடைசியில் பார்த்தால் முழுதாக முடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் தொடர் அல்ல. இசாவோ தகஹாதா 1991இல் எடுத்த 'ஒன்லி யெஸ்டர்டே' என்ற இரண்டு மணி நேரப் படம். அதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது.

தோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் 27 வயது தாயெகோ, விடுப்பு எடுத்துக்கொண்டு யமகதா கிராமத்துக்குக் குசும்பாப்பூ பறிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்புச் சிறுமியாக இருந்த தாயெகோவும் கூடவே ரயிலேறி வந்துவிடுகிறாள். அந்தச் சிறுமிகள் மாதவிடாய் பற்றிக் கேள்விப்படுகிற ஒரு பகுதி படத்தில் உண்டு. பையன்களுக்கு விஷயம் தெரிந்து கேலி தொடங்குகிறது. சளி பிடித்து விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்தால்கூட 'அதுதான்' என்று நினைத்துவிடுவார்களோ என்று தாயெகோவுக்குப் பதற்றம்.

அந்தக் காட்சி ஓடும்போது மாமனார் கூடத்துக்கு வந்தார். என் விரல் தானாகப் போய் ஒலியை அணைத்தது. படம் ஜப்பானிய மொழியில். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வெளிவந்து வசைகள் பறந்தபோது அவர் பக்கம் நின்று வாதாடியவள் நான். பெண் கவிதையும் உடலும் என்று முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிறவள். வீட்டுக் கூடத்தில் என் விரலுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கவில்லை.

ஒன்பது நாளில் எத்தனை முறை நிறுத்தினேன் என்று நாட்குறிப்பில் குறித்திருந்தேன். இருபத்து மூன்று. குக்கர், மாமனாரின் மாத்திரை, கணவர் வண்டிச்சாவியை எங்கே வைத்தார் என்ற கேள்வி, மாணவியின் அழைப்பு, மறுபடியும் வண்டிச்சாவி. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்று தடுக்கவில்லை. அதுதான் சிக்கலே. தடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நீ எங்கம்மா பாக்கற? நிறுத்தி நிறுத்தி வைக்கற" என்றாள் மகள். அவளே ஒரு வழியும் சொன்னாள். 'ஸ்பை × ஃபேமிலி' போன்ற சில தொடர்கள் இப்போது தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. "தமிழ்ல போட்டுக்கோ, சமைச்சுக்கிட்டே கேக்கலாம்."

கேட்கலாம்தான். நம் தொலைக்காட்சித் தொடர்கள் எல்லாம் காதுக்காக எடுக்கப்பட்டவை. மாமியார் வாசலில் நின்று என்ன சொன்னாள் என்பது அடுக்களைவரை வந்துவிடும். இசை உரத்தால் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். வெங்காயம் நறுக்குகிற பெண்ணைக் கணக்கில் வைத்தே அவற்றை உருவாக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஜப்பானிய மொழியில் ஓடுவதற்கு அந்த வசதி கிடையாது. கீழே ஓடும் வரியைப் படிக்கக் கண் வேண்டும். கையும் சும்மா இருந்தாக வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ஞாயிறு மாலைப் படம் ஓடும்போது அம்மா கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே நிலைப்படியில் நின்றுதான் பார்ப்பாள். படத்தின் கடைசிக் காட்சி வரும் நேரமும் இரவுச் சமையல் நேரமும் ஒன்று. இரவு பாத்திரம் கழுவும்போது கேட்பாள், "கடைசில என்னாச்சுடி?" நான்தான் சொல்வேன். தூக்கம் வந்தால் 'ரெண்டு பேரும் சேந்துட்டாங்கம்மா' என்று எல்லாப் படத்துக்கும் ஒரே முடிவைச் சொல்லிவிடுவேன். எத்தனை படங்களை அவளுக்குத் தப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேனோ.

2026க்கான நாட்குறிப்பில் ஒரே ஒரு தொடர்தான் எழுதியிருக்கிறேன்: 'வெர்சாயின் ரோஜா'. ரியோகோ இகெதா 1972இல், தன் 24ஆம் வயதில், சிறுமிகளுக்கான வார இதழ் ஒன்றில் வரையத் தொடங்கிய கதை. 1979–80இல் தொலைக்காட்சிக்கு வந்தது. மொத்தம் 40 அத்தியாயங்கள். மகன் இல்லாத தளபதி ஒருவர் கடைசி மகளை ஒஸ்கார் என்று பெயரிட்டு ஆணாக, படைவீரனாக வளர்க்கிறார். அரசியின் காவலுக்கு இருந்த ஒஸ்கார் கடைசியில் மக்கள் பக்கம் வந்து, 1789 ஜூலை 14 அன்று பஸ்தீய் கோட்டைக்கு முன்னால் சாகிறாள். முடிவு தெரிந்தேதான் பார்க்கப்போகிறேன்.

ஜூலை 14 எங்கள் ஊரிலும் கொண்டாட்டம். கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னே இரண்டு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கும். பதக்கம் குத்திய வயதான சொல்தாக்கள் விறைப்பாக நிற்பார்கள். பட்டுப்புடவைப் பெண்கள் ஓரத்தில் நின்று பார்ப்பதாகத்தான் என் சிறுவயது ஞாபகம். அந்தப் புரட்சி நடந்து 155 ஆண்டு கழித்து, 1944இல்தான் பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்றால் இருபது வாரம். விடைத்தாள் திருத்தும் நாட்களை விட்டாலும் ஜூலை 14க்குள் முடித்துவிடலாம். ஓர் அத்தியாயத்துக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடம். அது முடியும்வரை எழுந்திருப்பதில்லை. இதை ஆய்வுக் கட்டுரையாக்கினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் சேரும் என்றார் சக ஆசிரியர் ஒருவர். சேர வேண்டாம். வேலைக்கு உதவாத ஒன்றாகவே இது இருந்துவிட்டுப் போகட்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை வில்லியனூரிலிருந்து அம்மா வந்திருந்தாள். சமையலை முடித்துவிட்டு, இந்த ஒரு நேரம் சாவியைத் தேடித் தர மாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இது யாரு, பொண்ணா பையனா?"

"பொண்ணுதாம்மா. பையனா வளக்கறாங்க."

"யாரு வளக்கறா?"

"அப்பன்."

அம்மா 'ம்' என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். "அடுப்புல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. உக்காரும்மா."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டாவது அத்தியாயத்தில் நன்றாகச் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் குரலைத் தாழ்த்தி வரிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.