உப்பும் களிமண்ணும்

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. இருப்பது தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில். அந்தக் கரை 2004இல் சுனாமியையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் பார்த்துவிட்டது. ஆனால் அவையெல்லாம் வந்துபோன விருந்தாளிகள். கூடவே குடியிருப்பது உப்புக்காற்று. கடலோரத்தில் எந்தக் கல்லூரிக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் போனாலும் முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வழியில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். சுத்தியல் காம்பால் தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம் வரும். துருவேறிய கம்பி இரண்டு மடங்குக்கு மேல் பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழைக்காலம் தாங்காது. கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, கம்பி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இளைத்துப்போனதை மாற்றி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகுதான் மூட வேண்டும். முடிந்தபின் பார்த்தால் அங்கே வேலை நடந்ததே தெரியாது. அதனாலேயே இதற்குப் பணம் கேட்பது கடினமாக இருக்கிறது.

பழைய சுண்ணாம்புச் சுவர்களின் கதை வேறு. அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஓதம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துப் பூச்சையே உதிர்த்துவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் போட வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை.

சிதம்பரத்துக்குப் போனால் சிக்கல் காலடியில் இருக்கிறது. 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வளாகமும் அதைச் சுற்றிய ஊர்களும் நெல் விளையும் களிமண் பூமி. ஐப்பசியில் ஊறி உப்பும், சித்திரையில் வறண்டு வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் கட்டடத்தில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பினால் அதைக் கோடையில் அடைத்துப் பயனில்லை. மழையில் மறுபடி அசையும். கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரமே தேங்காமல் தூரமாகப் போக வழிசெய்வதுதான் அங்கே முதல் மராமத்து.

அரசுக் கல்லூரிகளின் கட்டடங்களுக்காக 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் ஒரு திட்டம் வந்தது: ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய். மனதார வரவேற்கிறேன். புது வகுப்பறைகள் கட்டாயம் வேண்டும். ஆனால் நவீனமாக்குவது என்றவுடன் கண்ணாடி முகப்பும் ஸ்மார்ட் போர்டும்தான் பேச்சில் வருகின்றன. குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை முதல் பேருந்தில் வருகிற பெண்ணுக்கு, தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற கழிப்பறை இல்லையென்றால் அவள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாள். சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்குச் சாய்வுப் பாதை இல்லையென்றால் மாடியில் இருக்கும் ஆய்வகம் மட்டுமல்ல, கீழே இருக்கும் நூலகமும் தூரம்தான். என் பட்டியலில் இவை ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் வரும்.

இன்னொன்றும் கேட்பேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் தனியாக ஒரு தொகை வேண்டும்; அதைச் செலவழிக்கும் உரிமை கல்லூரி முதல்வர் கையிலேயே இருக்க வேண்டும். ஆடி மாதத்திலேயே ஆளை மேலே ஏற்றி, மழைநீர்க் குழாய் வாயை அடைத்த சருகை அள்ளி, கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி எடுக்க அந்தப் பணம் போதும்.