லைட் தெரு நீதிமன்ற வாசலில்

ஜார்ஜ்டவுன் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலிலிருந்து லைட் தெரு உயர் நீதிமன்றத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையும் நானும் போனபோது முக்கால் மணி நேரம் ஆனது. அத்தை சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

கோயிலுக்காகத்தான் பினாங்கு வந்தோம். அர்ச்சனை முடிந்து வெளியே வந்ததும், "கர்ப்பால் சிங் வாதாடின கோர்ட்டு இங்கதானே தம்பி இருக்கு? ஒருதடவ பாத்துட்டுப் போலாம்" என்றார்.

ஏன் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. தாத்தா பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் ஒன்று வழக்கில் இருக்கிறது. வேறோர் ஊரில் விசாரணை. ஊர் பெயர் வேண்டாம். மாடியில் வழக்கறை, அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. நான்கு பேர் அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் வீடு வரும்வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார்: "அரிசி மூட்டை மாதிரி தூக்குனாங்க. இனிமே நான் போகமாட்டேன். நெலம் போனாப் போகட்டும்." அடுத்த தவணை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜார்ஜ்டவுனின் அழகே அதன் ஐந்தடி நடைபாதைதான். 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த திட்டத்தில், கடைகளின் முன்னால் மக்கள் வெயில் மழை படாமல் தொடர்ந்து நடக்கக் கூரையுள்ள பாதை விட வேண்டும் என்று விதித்தார். அந்த முறைதான் இங்கும் பரவியது. ஆனால் ஒவ்வொரு கடையின் தரையும் ஒவ்வோர் உயரம். இடையிடையே படி. படி இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள். சாலையில் இறங்கினால் ஓரத்தில் லோங்காங், பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் கார்கள். மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையில் சீனர்களின் கருணைத் தேவி கோயிலைத் தாண்டி, 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் நிழலுக்கு வந்தபோது என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

அதற்கப்புறம் வெள்ளை வெளேரென்று உயர் நீதிமன்றம். பினாங்குக்கு 1807இல் அரச சாசனம் வழங்கப்பட்டு, மறு ஆண்டே இங்கே நீதிமன்றம் தொடங்கியது. முதல் நீதிபதி சர் எட்மண்ட் ஸ்டான்லி. இந்த மண்ணில் ஆங்கிலச் சட்டம் முறையாகக் காலூன்றியது அப்போதுதான். இப்போதுள்ள தூண் வைத்த கட்டடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காகப் பேசிய அவர் 1869இல் காலமானார்.

அத்தை தேடியது லோகனை அல்ல. 2005 ஜனவரியில் சாலை விபத்தில் சிக்கிய பிறகு கர்ப்பால் சிங் சக்கர நாற்காலியில்தான் நடமாடினார். 2014 ஏப்ரலில் இன்னொரு விபத்தில் இறக்கும்வரை, ஒன்பது ஆண்டுகள், நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் அந்த நாற்காலியிலிருந்தே பேசினார். நீதிபதி முன்னால் எழுந்து நின்று பேசுவது வழக்கறிஞர் மரபு. அவர் உட்கார்ந்தபடி வாதாடியதால் எந்த நீதிமன்றத்தின் மாண்பும் குறைந்துவிடவில்லை.

படிக்கட்டுக்கு மாற்று என்ன? சாய்வுப் பாதைக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஐந்து படி என்றால் 9 மீட்டர். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு கலங்கும். பழைய கட்டடங்களில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது, பாரம்பரியம் கெட்டுவிடாதா என்பார்கள்.

2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதே நாளில்தான் நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் நடப்புக்கு வந்தது. பொதுக் கட்டடங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அதன் 26ஆவது பிரிவு தருகிறது. ஆனால் 2008இல் எழுதப்பட்டபடி, அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுப்பதை 41ஆவது பிரிவு தடுக்கிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டில் ஒன்றை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மற்றதன் பிறந்த நாள் யாருக்கும் நினைவில்லை.

பாரம்பரியமும் சாய்வுப் பாதையும் எதிரிகள் அல்ல. இந்தத் தூண் மரபுக்கே தாயகமான கிரேக்கத்தில், ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றில் 2020இல் மாற்றுத்திறனாளிகளுக்குப் புதிய மின்தூக்கி அமைத்தார்கள். பார்த்தெனான் அப்படியேதான் நிற்கிறது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர் 1996இல் தன் வழக்குக்காக நீதிமன்ற மாடிப்படியில் தவழ்ந்தே ஏறினார். அடுத்த தவணையில் தவழவும் மாட்டேன், தூக்கவும் விடமாட்டேன் என்றார். ஆஜராகவில்லை என்று கைது செய்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 2004இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இந்தக் கதையைச் சொன்னபோது அத்தை சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் வெள்ளைத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்கு மலாய் சரியா வராது, இங்கிலீசும் தெரியாது. அந்தக் காலத்துல ஒருதடவ சாட்சி சொல்லப் போனாரு. தமிழ்ல கேட்டுத் தமிழ்ல சொல்ல கோர்ட்டுலயே ஆள் வெச்சிருந்தாங்க. அது ஒதவின்னு யாரும் சொல்லல. அவரு பேசுனாத்தானே கேஸ் நடக்கும்? எனக்கு மட்டும் ஏன் நாலு பேருகிட்ட கையெடுத்துக் கும்புடணும்?"

என்னிடம் பதில் இல்லை. மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை வைப்பது நீதிமன்றத்தின் கடமை என்று நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். படி ஏற முடியாதவருக்குச் சாய்வுப் பாதை, காது கேளாதவருக்குச் சைகை மொழி, பார்வையற்றவருக்கு அவர் படிக்கக்கூடிய ஆவணம் எல்லாமே அதே கடமைதான்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தே தாரிக் குடித்தோம். பையிலிருந்து தாளை எடுத்து, அந்த ஊர் நீதிமன்றப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். வழக்கை மாற்றுத்திறனாளி வந்து போகக்கூடிய கீழ்த்தள அறைக்கு மாற்ற வேண்டும், தவணைக்கு முன்பே பதில் வேண்டும் என்று கேட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், விசாரணை நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். காணொளி வழி விசாரணைக்கும் 2020இல் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதைச் சொன்னதும் அத்தை தலையாட்டி மறுத்தார்.

"நான் நேர்லதான் போவேன். தாத்தா நெலம்."

கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். 'தயவு செய்து' என்று நான் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.