மைனஸ் ஒன்று

அந்தப் பாலைக் கெடுத்தவன் நான். இரவுக் காவலில் இருந்த அண்ணன் அல்ல.

ஒரு பால் குளிர்விப்பு மையத்துக்கு மென்பொருள் எழுதினேன். தொட்டியின் வெப்பநிலையை வாசிக்கும் நிரல் சி மொழியில் இருந்தது. அதைக் கூப்பிட்டுத் திரையில் காட்டும் நிரலை நான் பைத்தானில் எழுதினேன். நடுவில் இரண்டையும் இணைக்கும் சீடைப்ஸ்.

பைத்தானில் தவறு நேர்ந்தால் எக்ஸெப்ஷன் எழும். பிடிக்க ஆளில்லை என்றால் நிரலே நின்றுவிடும். சி அப்படிக் கத்தாது. வழக்கமாக, முடிந்தால் 0, முடியாவிட்டால் -1 என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதைப் பார்ப்பது கூப்பிட்டவன் வேலை. சீடைப்ஸ் தானாகப் பார்க்காது. நானும் பார்க்கவில்லை.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. சேர்ந்து நாலு மாதமே ஆன பெண் என் நிரலைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணா, இது மைனஸ் ஒண்ணு குடுத்தா என்ன ஆகும்?”

“அதான் ட்ரை-எக்ஸெப்ட் போட்டிருக்கேன்ல?” என்றேன். எழாத எக்ஸெப்ஷனை எந்த ட்ரையும் பிடிக்காது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். இவள் என்னைத் திருத்துவதா என்ற திமிர் யோசிக்க விடவில்லை.

வெப்பநிலையை வாங்கும் மாறியையும் லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை உருவாக்கியிருந்தேன். வாசிப்பு தோற்றால் சி அதில் எதையும் எழுதாது. பழைய எண் அப்படியே கிடக்கும்.

ஓர் இரவு, குளிர்ந்திருந்த தொட்டியில் அன்றைய பாலை ஊற்றுமுன்பே பேனலில் மின்கோளாறு. கம்ப்ரசரும் சென்சாரும் சேர்ந்தே நின்றன. சி ஒவ்வொரு முறையும் -1 சொன்னது. என் திரை விடியும்வரை 4.1 டிகிரி காட்டியது.

காலையில் மாதிரியைக் காய்ச்சினார்கள். திரிந்தது. 2,000 லிட்டர் சாக்கடைக்குப் போனது. அத்தனையும் முந்தின மாலை சுற்றுவட்டார வீடுகளில் கறந்தது.

“திரையில நாலுதான் சார் இருந்துச்சு” என்றார் அந்த அண்ணன். கம்ப்ரசர் நின்றதுகூடத் தெரியாமல் தூங்கினாயா என்று கேட்டார்கள். சம்பளத்தில் பிடித்தார்கள்.

அன்று பகலிலேயே லாகைத் திறந்தேன். வரிவரியாக 4.1. மணிக்கணக்காக ஒரு புள்ளிகூட அசையாத வெப்பநிலை எந்தத் தொட்டியிலும் இருக்காது. பார்த்ததும் புரிந்தது. மடிக்கணினியை மூடினேன். அறிக்கையில் ‘சாதனக் கோளாறு’ என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம். இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை.

திருத்தம் நாலே வரி. சீடைப்ஸின் எர்செக்கில் ஒரு சின்ன ஃபங்ஷன்: மைனஸ் வந்தால் எக்ஸெப்ஷனை எழுப்பு.

பிறகு மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். பிடித்த பணத்தை அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் திரும்பியது என்று அவரிடம் நான் போய்ச் சொல்லவில்லை.

அந்தப் பெண் முன்பே கேட்டாள் என்பதை மேலாளரிடமும் சொல்லவில்லை. நாலு வரியும் என் பெயரில்தான் இருக்கின்றன.