கணக்கில் வராத கிடார்

உங்கள் வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கிடார் தூசியோடு நிற்கிறதா? கவலைப்படாதீர்கள், பல வீடுகளில் நிற்கிறது. வாங்கிய உற்சாகம் சில வாரம் தாங்கும். அப்புறம் எஃப் கார்டு வரும். ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு தந்தியையும் ஒரே சமயத்தில் அழுத்தச் சொல்வார்கள். கிடார் பீரோ பக்கம் போவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

அறுபதை நெருங்கும் வயதில் ஆரம்பித்த என்னைத் தாங்கிப் பிடிப்பது செல்போன். அதில் மூன்று ஆப்கள். முதலாவது ட்யூனர். தந்தியை மீட்டினால் மைக்கில் கேட்டு, 'இன்னும் கொஞ்சம் முறுக்கு' என்று முள்ளை ஆட்டும். 'ஏ' சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது இன்றைய பொது வழக்கம். கிடாரின் ஐந்தாம் தந்தி அதில் கால் பங்கு, 110.

இரண்டாவது மெட்ரோனோம். மெல்ட்ஸெல் 1815-ல் பேடன்ட் வாங்கியது. 1817-ல் பீத்தோவன் தன் சிம்பனிகளுக்கு இதன் கணக்கில் வேகம் குறித்து வெளியிட்டார். அன்றைக்கு ஊசல் வைத்த பெட்டி, இன்றைக்கு இலவசம். 60-ல் பிசகாமல் வந்தால்தான் 65-க்குப் போகலாம்.

மூன்றாவது, டைமரும் டயரியும் சேர்ந்தது. தினம் 20 நிமிஷம், நாலு பங்கு: விரல் பயிற்சி, கார்டு மாற்றம், ஸ்கேல், பாட்டு. ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் பிரபலமாக்கிய ஒரு பயிற்சி உண்டு. ஒரு நிமிஷத்தில் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். சி-யிலிருந்து எஃப்-க்கு எனக்கு முதல் நாள் 9. இரண்டு மாசத்தில் 31. காதுக்குத் தெரியாத முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

இதே ஆப் விடாமல் வாசித்த நாட்களையும் எண்ணும். நாற்பத்தேழாம் நாள் என் நண்பன் மதுரையில் காலமானான். ஞாயிறுதோறும் போனில் என் வாசிப்பைக் கேட்டு, "போன வாரத்துக்குத் தேவலைடா" என்பவன். மயானத்திலிருந்து திரும்பும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது: 'இன்று இன்னும் வாசிக்கவில்லையே!'

மூன்றாம் நாள் ஊர் திரும்பியபோது தொடர்ச்சி 0 என்றது ஆப். கிடாரை எடுத்து ஒரு நிமிஷம் எண்ணினேன். 31. அப்படியே இருந்தது. அந்தப் பூஜ்யம் விரலுக்குத் தெரியவில்லை. அன்றே நாள் எண்ணும் வசதியை மட்டும் அணைத்துவிட்டேன்.

நீங்களும் மூன்று ஆப்களையும் இறக்கிக்கொள்ளுங்கள், உபயோகமானவை. கூடவே, ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பதற்கு ஓர் ஆளையும் பிடித்துவையுங்கள். அதை டவுன்லோடு செய்ய முடியாது.